சிங்கப்பூர்க் காசில் ஊர் வளருமா? இளைஞர் புலம்பெயர்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகும் சாலையோரம் போன வருஷம் ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. காசு, சிங்கப்பூரில் கம்பி கட்டும் பையனுடையது. வயது 27. சாரத்தில் நின்று செங்கல் வைத்தவர்கள் மேற்கு வங்கத்து மால்டா மாவட்டத்துக்காரர்கள். அதில் சின்னவனுக்கு இருபதைத் தாண்டியிருக்காது. தமிழில் 'கலவை', 'தண்ணி', 'சீக்கிரம்' மூன்றும் தெரியும். வீட்டுக்காரப் பையன் இன்னொரு நாட்டில் போய்க் கட்டடம் கட்டுகிறான். அவன் வீட்டைக் கட்ட இந்தப் பையன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்திருக்கிறான். நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "எம்மகன் அனுப்புற காசு இந்தப் புள்ளைக வழியா வடக்க போகுது" என்று சிரித்தார்.

பிழைக்க வெளியூர் போகும் இளைஞர்களால் ஊர் எப்படி வளர்கிறது, எங்கே வளராமல் நின்றுவிடுகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த வீட்டைத்தான் காட்டுவேன். பாதி விஷயம் அந்தச் சாரத்திலேயே இருக்கிறது.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். ஐ.நா. கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வயது வரை. நம் ஊர் நடைமுறையில் பன்னிரண்டாவதோ ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த கையோடு கிளம்பி, முப்பதைத் தொடுவதற்குள் இரண்டு மூன்று முறை போய்வருகிறவர்கள். 2024-இல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள் சுமார் 30 கோடியே 40 லட்சம் பேர் என்கிறது ஐ.நா. நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகிறவர்கள் இதைவிட அதிகம். 2013-இல் சர்வதேச இளைஞர் தினத்துக்கு ஐ.நா. எடுத்துக்கொண்ட கருப்பொருளே, இளைஞர் புலம்பெயர்வு வளர்ச்சியை எப்படி முன்னே நகர்த்துகிறது என்பதுதான்.

தமிழ்நாட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. மக்கள்தொகை ஆய்வாளர் இருதயராஜன் தலைமையில் 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி, அப்போது வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம். முதலிடம் வளைகுடாவுக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். நாடுவாரியாகப் பார்த்தால் சிங்கப்பூர்தான் முதலில், சுமார் 4.1 லட்சம் பேர். ஐக்கிய அரபு அமீரகமும் சவூதியும் அதற்குப் பிறகு. புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. டீக்கடையில் நாலு பையன்கள் நின்றால் ஒருவன் 'டெஸ்ட் அடிக்க'ப் போகிறான், ஒருவன் ஐ.பி.ஏ. வரக் காத்திருக்கிறான், ஒருவன் லீவில் வந்திருக்கிறான் என்றுதான் இருக்கும். டெஸ்ட் என்பது சிங்கப்பூர்க் கட்டட வேலைக்கான திறன் தேர்வு. டைல்ஸ், பிளம்பிங், வயரிங், கம்பி கட்டுதல் என்று ஏதாவது ஒன்றில் இங்கேயே பயிற்சி எடுத்துத் தேற வேண்டும். ஐ.பி.ஏ. என்பது வேலை அனுமதி கொள்கை அளவில் கிடைத்துவிட்டது என்று அங்கிருந்து வரும் கடிதம். அது வந்த வீட்டில் அன்றைக்குக் கறிக்குழம்பு.

சரி, இவர்கள் அனுப்பும் பணம் எவ்வளவு பெரியது? 2024-இல் இந்தியாவுக்கு வந்தது சுமார் 129 பில்லியன் டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு, உலகிலேயே அதிகம். ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி அப்படி வரும் பணத்தில் மகாராஷ்டிரத்துக்கு 20.5 சதவீதம், கேரளத்துக்கு 19.7, தமிழ்நாட்டுக்கு 10.4. இந்தியா பெரிய நாடு, மொத்தப் பொருளாதாரத்தில் இது சின்னப் பங்குதான். நேபாளத்தில் நாட்டு வருமானத்தில் கிட்டத்தட்ட கால் பங்குக்குச் சமமான தொகை இப்படித்தான் வருகிறது.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பணம் வந்து சேரும் வழி. அரசு ஒதுக்கும் நிதி பல மேஜைகளைத் தாண்டித்தான் ஊருக்கு வரும். பையன் அனுப்புவது நேரே அம்மாவின் கணக்கில் விழும். ஊரில் கஷ்டம் வந்தால் கூடவும் செய்யும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. நிவாரணக் கணக்கெடுப்பு வருவதற்கு முன்பே தார்ப்பாய், ஜெனரேட்டர் வாடகை, அரிசி என்று பல வீடுகளில் முதல் செலவைப் பார்த்தது வெளிநாட்டிலிருந்து வந்த காசுதான். தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷமாவது ஆகும். அந்த இடைவெளியை நிரப்பவே புதிதாகக் கிளம்பிய பையன்களும் உண்டு.

இப்படி ஊருக்கு அனுப்பும் பணத்துக்குத்தான் ஆங்கிலத்தில் ரெமிட்டன்ஸ் என்று பெயர். எங்கள் பக்கம் 'சிங்கப்பூர்க் காசு', 'சபுராளி காசு' என்போம். சபுராளி என்றால் கடல் கடந்து பிழைக்கப் போனவர்.

ஒரு பையனின் கணக்கு நோட்டு

பணம் வந்தால் வளர்ச்சியும் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வது சுலபம். அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது குறிப்பிட்ட யாருடைய கணக்கும் இல்லை. எண்களை நானே உருட்டி வைத்திருக்கிறேன்.

பயிற்சி மையம், தேர்வுக் கட்டணம், மெடிக்கல், டிக்கெட், ஏஜென்ட் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இருபது வயதுப் பையனிடம் அவ்வளவு பணம் ஏது? அம்மாவின் நகை அடகுக்குப் போகும், மீதி ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குவார்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும், நாலு லட்சமும் ரெண்டு வட்டி என்றே எடுத்துக்கொள்கிறேன். சம்பளம் 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சாப்பாடு, போன், சோப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா (அங்கே நம் ஆட்கள் கூடும் லிட்டில் இந்தியா பகுதி) என்று 300 போனால், ஊருக்கு அனுப்ப 500. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்றால் 32,500 ரூபாய். அதில் வீட்டுச் செலவுக்கு 10,000. கடனுக்கு 22,500. முதல் மாத வட்டி மட்டும் 8,000, போகப்போகக் குறையும்.

இப்படி மாதம் தவறாமல் கட்டினால் கடன் அடைய ஏறத்தாழ 22 மாதம் ஆகும். வொர்க் பெர்மிட் பொதுவாக இரண்டு வருஷம் வரைதான். ஆக, முதல் பெர்மிட்டில் அவன் தனக்காக உழைத்தது இரண்டே மாதம். இடையில் கம்பெனி வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாலோ, கையில் அடிபட்டுவிட்டாலோ அந்த இரண்டு மாதமும் இல்லை, கடன் மட்டும் மிச்சம்.

இப்போது அதே நோட்டில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். போகும் செலவு 4 லட்சத்துக்குப் பதில் 1 லட்சம். சம்பளம் கூட்டவில்லை, வட்டியைக் குறைக்கவில்லை. கடன் ஐந்தே மாதத்தில் தீர்ந்துவிடும். முன்பு கடனுக்கே போன 22 மாதத்தில் மிச்சமாகும் 17 மாதத்துக்கும் மாதம் 22,500 என்றால் 3,82,500 ரூபாய். அதில் போர் போடலாம், தங்கையை நர்சிங் சேர்க்கலாம், ரெண்டு மாடு வாங்கலாம்.

இந்த விஷயத்தில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. புலம்பெயர்வதால் வளர்ச்சி வருமா வராதா என்ற வாதத்தில் பெரும்பகுதி, போவதற்கு எவ்வளவு செலவாகிறது என்ற கேள்வியில் அடங்கிவிடும். சம்பளத்தைக் கூட்டச் சொல்லி அடுத்த நாட்டிடம் கேட்க வேண்டும். ஏஜென்ட் செலவைக் குறைப்பதில் பாதியாவது நம் கையில் இருக்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் யாரும் பார்க்கலாம். சிங்கப்பூர் பக்கத்திலும் அங்குள்ள வேலைவாய்ப்பு நிறுவனம் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்கு அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்ற வரம்பு உண்டு. ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அரசுக்குக் கட்டும் லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தும் ஊரில் விலை லட்சங்களில் பேசப்படுவதற்குக் காரணம், நடுவில் நிற்கும் சப்-ஏஜென்ட். அவர் பெரும்பாலும் அடுத்த தெரு மாமாவாகவோ, கல்யாணத்தில் மொய் எழுதியவராகவோ இருப்பார். ரசீது கேட்டால் உறவு கெட்டுவிடும். என் சித்தப்பா மகன் இப்படிக் கொடுத்த 60,000 ரூபாய்க்கு இன்றுவரை ஐ.பி.ஏ.யும் வரவில்லை, காசும் வரவில்லை. அந்த ஆள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

அனுப்பும் செலவு என்று இன்னொன்று இருக்கிறது. உலக சராசரியில் 200 டாலர் அனுப்ப 6 சதவீதத்துக்கு மேல் கட்டணத்திலும் மாற்று விகிதத்திலும் போய்விடுகிறது. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. எங்கள் பக்கம் நல்ல ரேட் கிடைக்கிறது என்று உண்டியலில் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. தேக்காவில் ஒருவரிடம் வெள்ளியைக் கொடுத்தால் மறுநாள் காலை வீட்டுத் திண்ணையில் வந்து ரூபாயை எண்ணிக் கொடுப்பார்கள். அது சட்டவிரோதம், ஏமாந்தால் போலீசுக்கும் போக முடியாது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யு.பி.ஐ.யையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தார்கள். போனிலிருந்தே நேராக அனுப்பும் இதுபோன்ற வழிகள் பெருகப் பெருக உண்டியல்காரர் திண்ணைக்கு வருவது குறையும்.

காசோடு சேர்ந்து வருவது

சமூகவியலாளர் பெகி லெவிட் டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்தையும், அந்த ஊர்க்காரர்கள் குடியேறிய அமெரிக்காவின் பாஸ்டனையும் மாறிமாறிப் பார்த்து 1998-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். போனவர்கள் பணத்தை மட்டும் அனுப்புவதில்லை. பழக்கங்களையும் எதிர்பார்ப்புகளையும் 'இதெல்லாம் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்ற நினைப்பையும் சேர்த்து அனுப்புகிறார்கள் என்றார். சமூக ரெமிட்டன்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

பெயர் பெரிதாக இருக்கிறது, விஷயம் சின்னது. ஊரில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை அடிக்கும் வேலை. ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்த ஒருவர்தான் வேலையை எடுத்திருந்தார். மேலே ஏறப் போன பையனைக் கூப்பிட்டு, இடுப்பில் பெல்ட்டை மாட்டி, கொக்கியைக் கம்பியில் போட்டு, இழுத்துப் பார்த்தார். பையனுக்கு வெட்கம், கீழே நின்றவர்களுக்குச் சிரிப்பு. "அங்க இது இல்லாம ஏறுனா சேஃப்டி சார் வீட்டுக்கு அனுப்பிடுவாரு" என்றார். அன்றைக்கு எல்லாரும் கிண்டல்தான் செய்தார்கள். அடுத்த வேலையில் அந்தப் பையனே பெல்ட் எங்கே என்று கேட்டானாம்.

வீட்டுக்குள்ளும் மாற்றம் வரும். கணவன் அனுப்பும் பணம் மனைவி பெயரில் உள்ள கணக்கில் விழும்போது, அதுவரை வங்கி வாசல் மிதிக்காதவள் நகையைத் திருப்பவும் எல்.ஐ.சி. கட்டவும் மேஸ்திரியோடு சண்டை போடவும் கற்றுக்கொள்கிறாள். எல்லாம் நல்லதாகவே வரும் என்று சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றால் வரதட்சணை ரேட் ஏறுவதும், அண்ணன் போனான் நானும் போகிறேன் என்று தம்பி கல்லூரியைப் பாதியில் விடுவதும் இதே பெட்டியில்தான் வந்து இறங்குகின்றன.

போகும் பையனின் உடம்பும் கணக்கில் வர வேண்டும். 2020-இல் சிங்கப்பூர் டார்மிட்டரிகளில் கொரோனா பரவியபோது, அந்த வருஷம் முடிவதற்குள் அங்கிருந்த தொழிலாளரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. ஒரே அறையில் பன்னிரண்டு, பதினாறு கட்டில் என்றால் வேறென்ன நடக்கும்?

இளம் பெண்களின் கதை தனி. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். குறிப்பு இருக்கும், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் அரசின் அனுமதி வாங்க வேண்டும். அந்த வகையில் 30 வயதுக்குக் கீழுள்ள பெண்களுக்கு அனுமதியே கிடையாது. நோக்கம் பாதுகாப்புதான், சந்தேகமில்லை. ஆனால் தேவை இருப்பவள் விசிட் விசாவில் போய்விடுவாள். அப்புறம் அவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. முறையாகப் போகும் இ.சி.ஆர். தொழிலாளிக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. இவளுக்கு அதுவும் கிடையாது. தடை போட்டுப் பாதுகாக்கும் யோசனையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வீடு எழும்பியது, ஊர்?

ஒரு குடும்பம் நிமிர்வது ஒன்று, ஊர் நிமிர்வது இன்னொன்று. முதலாவதைத் தனிக்காசு செய்துவிடும். இரண்டாவதற்குத் தனிக்காசும் பொதுக்காசும் ஓரிடத்தில் சேர வேண்டும்.

பழைய உதாரணத்துக்குத் தூரம் போக வேண்டாம், காரைக்குடிதான். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் பதின்வயதிலேயே பர்மா, மலாயா, இலங்கை என்று கடைகளுக்குப் போய், பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குக் கற்று, மூன்று வருஷத் தவணையில் வேலை பார்த்துத் திரும்பினார்கள். அந்தப் பணமும் பர்மாத் தேக்கும் சேர்ந்து எழும்பிய வீடுகளில் பலவும் இன்று பூட்டிக் கிடக்கின்றன, வாசலில் சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். அதே ஊரில், அதே சமூகத்தைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மத்திய அரசு தன் பங்கைப் போட்டது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டு இன்றும் நடக்கிறது. அவர் பணம் போட்ட இடத்தில் அரசும் போட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையே திட்டமாக்கியவர்கள் மெக்சிகோக்காரர்கள். சகதேகாஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள் லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ நகரங்களில் ஊர்ச் சங்கம் வைத்திருந்தார்கள். சங்கம் ஒரு டாலர் போட்டால் மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி மூன்றும் ஆளுக்கு ஒரு டாலர் போட்டன. 'ஒன்றுக்கு மூன்று' என்ற பெயரில் 2002-இல் இது நாடு முழுக்கப் போனது. சாலை, குடிநீர், பள்ளி என்று வேலைகள் நடந்தன. குறையும் இருந்தது: வலுவான சங்கம் உள்ள ஊருக்கே திட்டம் போனது, பரம ஏழை ஊருக்குப் போகவில்லை. அங்கிருந்து அமெரிக்கா போகக்கூட யாருக்கும் வசதி இருந்திருக்காதே.

தமிழ்நாட்டில் 'நமக்கு நாமே' திட்டம் ஏறத்தாழ இதே யோசனைதான். மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் மற்றவர்களும் உதவ 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தொடங்கப்பட்டது. இவை வெளிநாட்டுப் பையன்களுக்காக வந்த திட்டங்கள் இல்லை, ஆனால் அவர்கள் பயன்படுத்தலாம். எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் கும்பாபிஷேகத்துக்குக் கேட்டபோது ஒரே வாரத்தில் பணம் சேர்ந்தது. பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கேட்டபோது கைகூப்பும் எமோஜிகள் நிறைய வந்தன. கோவிலுக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பேர் வரும், கழிப்பறைச் சுவரில் பேர் போட யாருக்கு ஆசை? அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடன் நோட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஊருக்குக் கொடு என்று கேட்பதே அதிகம்.

அப்புறம், வந்து சேரும் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பதும் உண்டு. இதில் நாம் சிங்கப்பூரின் நிலையில் இருக்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், பேக்கிங் தொடங்கி ஓவர்லாக் மெஷின் வரை ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். 2020 ஊரடங்கில் அவர்கள் ரயிலேறிப் போனபோது, ஆர்டர் கையில் இருந்தும் ஆள் இல்லாமல் முதலாளிகள் தவித்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர் ரேஷன் அட்டையையே இங்கு பயன்படுத்த வழி செய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் பையனுக்கு அங்கே நல்ல அறை வேண்டும் என்று கேட்கிற நாம், இவர்களுக்கு வாடகைக்கு விடும் அறையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

அந்தக் கட்டுமாவடிச் சாலை வீட்டில் மத்தியானச் சோற்று வேளையில் மால்டாப் பையன் போனை எடுத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். அரைகுறை இந்தியில் கேட்டேன். அம்மாவுக்கு 3,000 அனுப்பியதாகச் சொல்லித் திரையைக் காட்டினான். அனுப்பக் கட்டணம் ஒரு பைசா இல்லை. இங்கே வர எவ்வளவு கடன் என்றதற்கு, ரயில் டிக்கெட் மட்டும், அதையும் கூட்டிவந்த மேஸ்திரி முதல் வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார் என்றான். வீட்டுக்காரப் பையனின் சம்பளத்தில் பாதிகூட இவனுக்கு இருக்காது. ஆனாலும் முதல் மாதத்திலிருந்தே இவன் அனுப்புவது வட்டிக்குப் போகவில்லை. அம்மா அந்தக் காசில் என்ன செய்கிறார் என்று கேட்டேன். ஒரு ஆடு வாங்கினாராம், இப்போது மூன்றாகிவிட்டதாம்.